உவர் மண்ணில் செழிக்கும் சதைப்பற்றுச் செடிகள்: இனங்காணவும் வளர்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கடல் ஓதம் ஏறி இறங்கும் சேற்றில், மற்றச் செடிகள் சில நாள்கூடத் தாங்காத இடத்தில், உமரிச் செடியின் கணுக்கணுவாகச் சதைபிடித்த பச்சைத் தண்டுகள் செழித்து நிற்பதைக் காண்பவர்கள், இந்தச் செடிக்கு உப்புதான் உணவு என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தோடு விதையை வாங்கிவந்து, விதைத்த நாளிலேயே உப்புநீரை ஊற்றத் தொடங்குகிறார்கள். ஒரு விதையும் முளைப்பதில்லை. முளைத்தாலும் இரண்டிலை விரியும்போதே சுருண்டு விழுந்துவிடுகிறது. நான் முதன்முதலாக விதைத்த தட்டிலும் இதுவேதான் நடந்தது. கடல்நீர் அளவுக்கு உப்புக் கரைத்து ஊற்றினேன். ஒரு மாதம் காத்திருந்தும் மண் வெறுமையாகவே கிடந்தது.

உப்பைத் தாங்குவது வேறு, உப்பால் வாழ்வது வேறு. இந்தச் செடிகள் குழந்தைப் பருவத்தில் நல்ல தண்ணீரையே நாடுகின்றன. வளர்ந்த பிறகு ஓரளவு உப்பு இருந்தால் தழைக்கின்றன. அளவு மீறினால் தாங்குகின்றனவே தவிர வளர்வதில்லை. ஆகவே இவற்றை வளர்ப்பவர் கற்க வேண்டிய முதன்மையான வேலை, தொட்டிக்குள் எவ்வளவு உப்பு போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று கணக்கு வைப்பதுதான். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கணக்கைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

செடி உப்பை என்ன செய்கிறது?

முற்றிய உமரித் தண்டு ஒன்றை ஒடித்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் நூல்போல ஒரு நார் ஓடும். அதைச் சுற்றிக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் சதை இருக்கும். அதற்கும் வெளியே மெல்லிய பச்சை வளையம் தெரியும். விரலால் அழுத்தினால் நீர் கசியும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். செடி மண்ணிலிருந்து எடுத்த சோடியமும் குளோரைடும் பெரும்பாலும் அந்தச் சதைச் செல்களில்தான் தங்கியிருக்கின்றன.

உவர் மண்ணில் உள்ள நீர் வேருக்குள் தானாக வந்துவிடாது. மண்ணில் இருக்கும் நீரைவிடச் செல்லுக்குள் இருக்கும் நீர் அடர்த்தியாக இருந்தால்தான் சவ்வூடு பரவல் மூலம் நீர் உள்ளே வரும். எனவே செடி உப்பையே உள்ளே எடுத்து அந்த அடர்த்தியை உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் சோடியம் மிகுந்தால் செல்லின் நொதிகள் முடங்கிவிடும். அதைத் தவிர்க்க, சவ்வில் இருக்கும் கடத்திப் புரதங்கள் சோடியத்தை வாக்குவோல் என்னும் சேமிப்புப் பைக்குள் தள்ளி அடைத்துவிடுகின்றன. பைக்கு வெளியே இருக்கும் சைட்டோபிளாசத்தில் கிளைசின் பீட்டைன், புரோலின் போன்ற தீங்கற்ற கரைபொருள்கள் சேர்ந்து அடர்த்தியைச் சமன்செய்கின்றன. செல்கள் நீரைப் பெருமளவில் தேக்கிப் பருப்பதால் உப்பின் செறிவு நீர்த்துப்போகிறது. சதைப்பற்று என்பது இங்கே வறட்சிக்கான சேமிப்பு மட்டுமன்று. உப்பை நீர்க்கச் செய்யும் ஏற்பாடும் ஆகும்.

கடலோரச் செடிகள் சிலவற்றுக்கு இலையில் உப்புச் சுரப்பிகள் உண்டு. அவை உப்பை வெளியே தள்ளிவிடும். உமரிக்கு அந்த வசதி இல்லை. எடுத்த உப்பு உடம்பிலேயே தங்குகிறது. நன்கு காய்ந்த உமரியை எரித்தால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கும், சில வேளைகளில் அதற்கு மேலும் சாம்பலாக எஞ்சுவது இதனால்தான். சோடியம் கார்பனேட் நிறைந்த அந்தச் சாம்பல்தான் ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடற்கரையிலும் கண்ணாடிக்கும் சோப்புக்கும் மூலப்பொருளாக இருந்தது. 1791இல் பிரெஞ்சு வேதியியலாளர் நிக்கோலா லெப்லாங் சாதாரண உப்பிலிருந்து அதே சோடியம் கார்பனேட்டைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அந்தத் தொழில் படிப்படியாக மங்கியது.

அளவுகளையும் இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. சோடியம் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 12 கிராம் இருக்கும் நீரில் தன் வாழ்நாளை முழுமையாக முடிக்கும் செடியை உவர்த்தாவரம் என்று அறிவியலாளர்கள் பொதுவாக வகைப்படுத்துகிறார்கள். உலகின் பூக்கும் தாவரங்களில் சுமார் நூற்றில் ஒன்றே இந்தத் தகுதியைப் பெறுகிறது. உமரியும் செசூவியம் என்னும் கடற்கரைப் படர்கொடியும் பெரும்பாலும் லிட்டருக்கு 6 முதல் 18 கிராம் வரை உப்புள்ள நீரில்தான் மிக நன்றாக வளர்கின்றன. முழுக் கடல்நீரில் உயிரோடு இருக்கும்; ஆனால் வளர்ச்சி குறைந்துவிடும். உப்பே இல்லாத நீரில் தண்டு மெலிந்து, சதை பிடிக்காமல் போகும்.

முதல் படி: செடியை இனங்காணுதல்

சாலிகார்னியா என்ற பேரினத்தைச் சேர்ந்த உமரிகள் ஓராண்டுச் செடிகள். இலையே இல்லாததுபோலத் தோன்றும். உண்மையில் எதிரெதிராக அமைந்த இலைகள் தண்டோடு ஒட்டிச் சதையுறையாக மாறியிருக்கின்றன. அதனால்தான் மணிகளைக் கோத்ததுபோலத் தண்டு கணுக்கணுவாக இருக்கிறது. பூக்கள் கண்ணுக்கு எளிதில் படாது. முனைக் கணுக்களில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று மூன்றாகச் சதைக்குள் புதைந்திருக்கும். மஞ்சள் மகரந்தப்பை வெளியே நீளும்போதுதான் பூத்திருப்பது தெரியும். சார்கோகார்னியா என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டவை இதே தோற்றமுள்ள பல்லாண்டுச் செடிகள். அடித்தண்டு மரம்போல இறுகியிருப்பது அவற்றின் அடையாளம். அண்மைய வகைப்பாடுகள் அவற்றையும் சாலிகார்னியாவிலேயே சேர்த்துவிட்டன.

சுவேடா இனங்களையும் மக்கள் உமரி என்றே அழைப்பதால் குழப்பம் நேர்கிறது. வேறுபாடு எளிது: சுவேடாவுக்குத் தனித்தனி இலைகள் உண்டு. அவை மாற்றடுக்கில், அரை உருளை வடிவில், நுனி குறுகி இருக்கும். சீனாவின் லியாவோநிங் மாகாணத்தில் பான்ஜின் நகரத்தின் கடற்கரைச் சதுப்பு இலையுதிர் காலத்தில் செங்கம்பளம் விரித்ததுபோல ஆவது சுவேடா சால்சா என்ற இனத்தால்தான். பீட்டாசயனின் என்ற நிறமி கூடுவதே அந்தச் சிவப்புக்குக் காரணம்.

செசூவியம் போர்ட்டுலாகாஸ்ட்ரம் வெப்பமண்டலக் கடற்கரைகளில் பரவலாகக் காணப்படும் படர்கொடி. எதிரெதிரான தடித்த இலைகளும், ஐந்து இதழ்போல விரியும் இளஞ்சிவப்புப் பூக்களும் கொண்டது. பூ சில மணி நேரமே விரிந்திருக்கும். மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வேர்விடுவதால் மணலையும் கரையையும் பிடித்துவைப்பதில் இதற்கு நிகரான சிறுசெடிகள் குறைவு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தண்டை வெட்டி நட்டாலே வளர்வதால், உமரியின் விதைநிலையில் ஏற்படும் தவறுகள் எதுவும் இங்கே நேராது.

பனிச்செடி என்ற மெசெம்பிரயாந்திமம் கிறிஸ்டலினம் வேறு வழியில் செல்கிறது. அதன் இலையிலும் தண்டிலும் பனித்துளிபோல மின்னும் குமிழ்ச் செல்களில் உப்பும் நீரும் சேர்கின்றன. உப்பின் நெருக்கடி வந்ததும் தன் ஒளிச்சேர்க்கை முறையையே மாற்றி, இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்ளும் திறன் உடையது. ஈரம் தேங்கினால் இதன் வேர் அழுகிவிடும் என்பதால் சதுப்புச் செடியைப்போல இதை நடத்தக் கூடாது.

காட்டில் எடுத்து உண்ண நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உவர் மண்ணில் சதைப்பற்றோடு வளர்வதெல்லாம் உண்ணத்தக்கதல்ல. ஹாலோஜெட்டன் குளோமெராட்டஸ் என்ற செடியின் சதைப்பற்றுள்ள இலையில் ஆக்சலேட் நச்சு மிகுதி. அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் அதை மேய்ந்த ஆடுகள் கூட்டமாக மாண்டிருக்கின்றன. அதன் இலை நுனியில் விறைப்பான ஒரு முடி நீண்டிருக்கும். ஐயம் சிறிதளவு இருந்தாலும் வாயில் வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: எதை வளர்க்கலாம் என்று முடிவுசெய்தல்

உங்கள் பகுதிக்கு இயல்பான இனத்தையே தேர்ந்தெடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கார்ப்போபுரோட்டஸ் எடுலிஸ், மண்ணரிப்பைத் தடுக்கவென்று கலிபோர்னியாவில் நடப்பட்டது. இன்று அங்கும் மத்தியதரைக் கடற்கரையிலும் மணற்குன்றுகளைப் போர்த்தி, அங்கே இயல்பாக வளரும் செடிகளை நசுக்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக் கடற்கரைகளுக்குரிய பாட்டிஸ் மாரிட்டிமா ஹவாய்த் தீவுகளின் சதுப்புகளில் நீர்ப்பறவைகளின் வாழிடத்தை அடைத்துவிட்டது. வெளியிலிருந்து வந்த இனத்தைத் தொட்டியில் வளர்ப்பவர், வெட்டிய ஒரு கிளையைக்கூடக் கரையில் வீசக் கூடாது.

சதுப்பிலிருந்து செடியை வேரோடு பிடுங்கிவருவதும் தவறு. பல நாடுகளில் அது சட்டப்படிக் குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் அந்தச் செடியின் வேர்தான் அங்குள்ள வண்டலைப் பிடித்துவைத்திருக்கிறது. விதையோ, அனுமதி பெற்று ஒடித்த சில போத்துகளோ (நட்டு வேர்விடச் செய்யும் தண்டுத் துண்டுகள்) போதும்.

மூன்றாம் படி: தொட்டியும் மண்ணும்

சுடுமண் தொட்டியைத் தவிர்க்கவும். உப்புநீர் அதன் சுவரில் ஊறி, வெளிப்புறத்தில் படிகமாகி, நாளடைவில் தொட்டியை உதிர்த்துவிடும். உலோகம் துருப்பிடிக்கும். அடியில் தாராளமாகத் துளையுள்ள, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழமான பிளாஸ்டிக் அல்லது மெருகிட்ட பீங்கான் தொட்டி பொருத்தமானது.

மண்கலவைக்குக் கழுவிய பருமணல் இரண்டு பங்கும், மட்கிய உரம் அல்லது தென்னை நார்க்கழிவு ஒரு பங்கும் போதுமானவை. தென்னை நார்க்கழிவில் ஏற்கெனவே உப்பு இருக்கக்கூடும் என்பதால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். நாம் போடாத உப்பு கணக்கில் நுழைந்தால் நாற்று நிலையிலேயே பிழை தொடங்கிவிடும். சதுப்பிலிருந்து சேற்றை அள்ளிவந்து தொட்டியை நிரப்புவதில் பயனில்லை; ஓதம் இல்லாத தொட்டியில் அந்தச் சேறு காற்றோட்டம் இன்றி இறுகிவிடும்.

நான்காம் படி: விதைப்பும் போத்து நடவும்

உமரி விதை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். மேலே மெல்லிய முடிகள் இருப்பதால் விரலில் ஒட்டிக்கொள்ளும். ஈரமான மண்ணின் மேற்பரப்பில் தூவி, மறைந்தும் மறையாமலும் இருக்குமாறு மெல்லிய மணலைத் தூவினால் போதும். குளிர்நாட்டு இனமாயின் ஈர மணலில் கலந்து சில வாரங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் முளைப்பு சீராகும். விதைத்த நாள் முதல் நல்ல தண்ணீரையே தெளிக்க வேண்டும். இயற்கையிலும் மழையோ உருகும் பனியோ மண்ணின் உப்பைக் கழுவிய பிறகுதான் இவை முளைக்கின்றன. உப்பில் கிடந்த விதை பெரும்பாலும் செத்துவிடுவதில்லை, காத்திருக்கிறது. வெறுமையாகிப்போன என் முதல் தட்டை எறியாமல் நல்ல தண்ணீரில் கழுவிவைத்தபோது, பத்து நாளில் அங்கங்கே பச்சை தெரிந்தது.

விதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாலிகார்னியா யூரோப்பியாவில் மூன்று பூக்களின் நடுப்பூ தரும் விதை பெரியது, விரைந்து முளைப்பது. பக்கப்பூக்களின் விதை சிறியது, உறக்கம் நீண்டது. சுவேடா சால்சாவில் பழுப்பு விதை எளிதில் நீரை உறிஞ்சி முளைக்கும். கறுப்பு விதையின் தோல் கடினமானது. நிலையில்லாத கரையில் எல்லா விதையையும் ஒரே நாளில் முளைக்கவிடாமல் செடி செய்துகொள்ளும் முன்னேற்பாடு இது. எனவே தட்டை மூன்று வாரமாவது பொறுமையோடு ஈரமாக வைத்திருங்கள்.

முளைத்ததும் தடித்த இரண்டு விதையிலைகள் மண்ணோடு மண்ணாகப் படிந்திருக்கும். அவற்றின் நடுவிலிருந்து ஊசித் தலை அளவில் முதல் கணு எழும்பும். அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் செடி வளராததுபோலவே தோன்றும். அந்த நாள்களில் பயந்து உரத்தையோ உப்பையோ கூட்டுவதுதான் அடுத்த பெரிய தவறு.

செசூவியத்துக்கு, மூன்று நான்கு கணுக்கள் உள்ள 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத் தண்டை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு நட வேண்டும். நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றிவந்தால் ஓரிரு வாரத்தில் வேர்விடும்.

ஐந்தாம் படி: உப்புக்குப் பழக்குதல்

நாற்று 5 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் உப்பைத் தொடங்கலாம். முதல் வாரம் லிட்டருக்கு 2 கிராம், அடுத்த வாரம் 4, பின்னர் 6, 8 என்று ஏற்றி, ஐந்தாம் வாரத்தில் 10 கிராமில் நிறுத்திக்கொள்ளுங்கள். படிப்படியாக ஏற்றும்போது செடி தன் செல்லுக்குள் உப்பை அடைக்கவும், அதற்கு ஈடான கரைபொருள்களை உருவாக்கவும் காலம் கிடைக்கிறது. ஒரே நாளில் ஏற்றினால், வேர் நீரை எடுக்க முடியாமல் ஈரமண்ணிலேயே செடி வாடும்.

உப்பு எதுவாக இருக்க வேண்டும்? கடல்மீன் தொட்டிகளுக்கென்று விற்கும் உப்புக்கலவைதான் சிறந்தது. அதில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை கடலில் உள்ள விகிதத்திலேயே இருக்கும். வெறும் சோடியம் குளோரைடைத் தொடர்ந்து ஊற்றினால் கால்சியம் பற்றாக்குறை ஏற்படும். அப்போது மண்ணில் சிறிது ஜிப்சம் கலப்பது உதவும்.

ஆறாம் படி: உப்புக் கணக்கு

நன்றாக வளர்ந்துவந்த செடி திடீரென்று சோர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்; ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒரு தொட்டியின் மண் ஒன்றரை லிட்டர் நீரைப் பிடித்துவைக்கிறது என்று கொள்வோம். லிட்டருக்கு 10 கிராம் உப்புள்ள நீரை நாள்தோறும் அரை லிட்டர் ஊற்றுகிறீர்கள். அடியில் எதுவும் வடிவதில்லை. பத்து நாளில் 50 கிராம் உப்பு உள்ளே போயிருக்கும். செடி எடுத்துக்கொண்ட சிறு பங்கைத் தள்ளிவிட்டால், வேரைச் சுற்றியுள்ள நீர் லிட்டருக்கு 33 கிராம் என்ற நிலைக்கு வந்துவிடும். நீங்கள் ஊற்றுவது மிதமான உப்புநீர். செடி நிற்பது ஏறக்குறையக் கடல்நீரில். இன்னும் பத்து நாள் போனால் அது கடலைவிட இருமடங்கு கரிக்கும்.

இதற்கு மருந்து வடிகால்தான். ஒவ்வொரு முறையும் ஊற்றும் நீரில் நான்கில் ஒரு பங்காவது அடியில் வடிய வேண்டும். அத்துடன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மண் பிடித்துவைக்கும் நீரைப்போல இருமடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும். வெயில் கடுமையான காலத்தில் உப்புநீரையும் நல்ல தண்ணீரையும் மாற்றி மாற்றி ஊற்றுவது பாதுகாப்பானது. மெக்சிகோவின் சொனோரா பாலைவனக் கடற்கரையில் சாலிகார்னியா பிகெலோவியைக் கடல்நீர் மட்டுமே பாய்ச்சி ஆறு ஆண்டுகள் பயிரிட்ட ஆய்வின் முடிவு 1991இல் வெளியானது. சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் விதையும், அந்த விதையில் 26 முதல் 33 விழுக்காடு எண்ணெயும் கிடைத்தன. கடல்நீரிலும் இப்படி விளைந்ததைப் படிக்கும்போது, தேங்கிய உப்பை அடுத்த பாய்ச்சல் கீழே தள்ளிவிடும் திறந்த நிலத்துக்கும் அடைபட்ட தொட்டிக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

அளந்து பார்க்க விரும்பினால், வடிந்த நீரை மின்கடத்துத்திறன் அளவியில் (நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனைக் கொண்டு அதிலுள்ள உப்பை மதிப்பிடும் கருவி) சோதிக்கலாம். மலிவான அளவிகள் இவ்வளவு உப்பைக் காட்டாமல் நின்றுவிடும். ஒரு பங்கு வடிநீரோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து அளந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் போதிய துல்லியம் கிடைக்கும். வடிநீர் லிட்டருக்கு 20 கிராமைத் தாண்டினால் உடனே கழுவுங்கள்.

ஏழாம் படி: வெளிச்சமும் உரமும்

நாள்தோறும் ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். உப்பை மட்டும் பார்த்து உரத்தை மறந்துவிடுகிறவர்கள் பலர். சதுப்பு நிலங்களில் இவற்றின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் நைட்ரசன் பற்றாக்குறையே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பாதியாக நீர்த்த நைட்ரசன் உரத்தைக் கொடுத்தால் தண்டு பருத்து, நிறம் ஆழ்ந்த பச்சையாகும்.

உமரி பகல் குறுகும்போது பூக்கும் இயல்புடையது. பூத்துவிட்டால் இளந்தளிர் நின்றுபோகும். கோடையில் பகல் நீண்டிருக்கும் இடங்களில், பகல் நீளும் காலத்தின் தொடக்கத்திலேயே விதைத்துவிட்டால் அறுவடைக் காலம் நீளும். அறைக்குள் வளர்ப்பவர்கள் விளக்கு நேரத்தைக் கூட்டிப் பூப்பதைத் தள்ளிப்போடலாம்.

செடி காட்டும் குறிகள்

மண் ஈரமாக இருக்கும்போதே நுனிகள் சுருங்கித் தொங்கினால் உப்பு மிகுந்துவிட்டது. தண்டு வெளிறி மெலிந்து நீண்டால் வெயிலோ உப்போ போதவில்லை. பருவத்துக்கு முன்பே சிவந்தால் குளிர், மிகை உப்பு, நைட்ரசன் குறைவு இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். ஆனால் பருவம் முடியும் காலத்துச் சிவப்பு இயல்பானது, அதைத் திருத்த முயல வேண்டாம். அடித்தண்டு கறுத்து மென்மையாவது வேரழுகல். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும்.

எட்டாம் படி: அறுவடை

உமரியின் நுனியை விரலால் வளைத்துப் பாருங்கள். வெண்டைக்காய் நுனிபோலப் பட்டென்று ஒடிந்தால் இளசு. வளைந்து நாரில் தொங்கினால் முற்றியது. மண்ணிலிருந்து 5 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் பக்கக் கிளைகள் மீண்டும் தழைக்கும். நல்ல தண்ணீரில் அலசி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் உப்பும் ஆக்சலேட்டின் ஒரு பகுதியும் நீங்கும். சமைக்கும்போது தனியாக உப்பு சேர்க்கத் தேவையில்லை. உயர் இரத்த அழுத்தம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை உண்ணக் கூடாது.

இந்தச் செடிகள் உப்பைச் சேர்ப்பதுபோலவே காட்மியம் போன்ற கன உலோகங்களையும் உடம்பில் சேர்க்க வல்லவை. ஆலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் கழிமுகத்தில் விளைந்ததை, எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், உணவுக்கு எடுக்காதீர்கள்.

விதைக்கென்று இரண்டு மூன்று செடிகளை வெட்டாமல் விட்டுவையுங்கள். அவை பழுத்து வைக்கோல் நிறமாகக் காய்ந்ததும், தாளின்மேல் வைத்துக் கையால் கசக்கினால் விதை உதிரும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்தால் அடுத்த பருவத்துக்கு உதவும்.

ஒன்பதாம் படி: வடிநீரை எங்கே கொட்டுவது?

பல வழிகாட்டிகள் இதை விட்டுவிடுகின்றன. தொட்டியிலிருந்து கழுவிய உப்புநீரைத் தோட்டத்தில் ஊற்றினால், நம் உமரிக்கு ஏற்ற மண்ணை மற்றச் செடிகளுக்கு நாமே உருவாக்கியவர்கள் ஆவோம். உவராகிவிட்ட மண்ணை மீட்க ஆண்டுகள் பிடிக்கும். அருகே சதுப்பு இருந்தாலும் அதில் ஊற்றக் கூடாது, ஏனெனில் வடிநீரில் உப்போடு உரமும் இருக்கிறது. அகலமான பிளாஸ்டிக் தட்டில் வடிநீரைச் சேர்த்து, மழைபடாத இடத்தில் வெயிலில் வற்றவிடுங்கள். அடியில் பழுப்பேறிய உப்பு படியும். அதைச் சுரண்டி எடைபோட்டு, அந்தப் பருவத்தில் நீங்கள் கரைத்து ஊற்றிய உப்போடு ஒப்பிட்டால், தொட்டி மண்ணில் இன்னும் எவ்வளவு தங்கியிருக்கக்கூடும் என்பது ஏறக்குறையத் தெரியும். வேறுபாடு பெரிதாக இருந்தால், புதிய விதையைத் தூவும் முன் அந்த மண்ணை நல்ல தண்ணீரில் இன்னும் இரண்டு முறை கழுவுங்கள். சுரண்டிய உப்பை ஒரு டப்பாவில் மூடிவைத்தால், அடுத்த நாற்றுகள் 5 சென்டிமீட்டர் உயரத்தை எட்டும் நாளில் மீண்டும் கரைத்துக்கொள்ளலாம்.